எலும்புக்கு ஆகாத கத்தி

8 ஜனவரி 2024, திங்கள்

புதுக் கத்திகள் உலையிலிருந்து வந்தன. பட்டறையில் என் வேலைப்படி கடினம் சோதித்தேன். ராக்வெல் அளவில் அறுபத்திரண்டு. வனேடியம் நிறைந்த எஃகு. எளிதில் துருப்பிடிக்காது, தேயாது, மாதக்கணக்கில் காய் நறுக்கினாலும் கூர் போகாது. ஆனால் இவ்வளவு கடினமானால் எலும்பில் பட்டதும் வளையாது, உடையும். கடினத்தை இரண்டு புள்ளி இறக்கி, விளிம்பைக் கொஞ்சம் தடிமனாக்கலாம்; கூர் சற்றுச் சீக்கிரம் போகும், அவ்வளவுதான் என்று பட்டறை முதலாளி உமேஷ் சாரிடம் சொன்னேன்.

“தடிமனாக்கினா கடையில பேப்பர் வெட்டிக் காட்ட முடியாதும்மா. அதைப் பாத்துத்தானே ஜனம் வாங்குது?”

11 ஜனவரி

அட்டைப்பெட்டி அச்சாகி வந்துவிட்டது. ‘எலும்பையும் வெட்டும். சாணையே வேண்டாம்.’

சாணை வேண்டாமாம்! சாதாரணச் சாணைக்கல் இதன் மேல் வழுக்கிக்கொண்டு போகும், வைரத்தூள் பதித்த கல்தான் பிடிக்கும். குறையைக்கூடப் பெருமையாக அச்சடித்துவிட்டார்.

2 பிப்ரவரி, வெள்ளி

நாச்சம்மாள் என்றொரு அம்மா வந்தார். கௌதள்ளி ஊர்க்காரர், இங்கே மைசூரில் தேவராஜ மொஹல்லாவில் மெஸ் நடத்துகிறார். துணியைப் பிரித்து எங்கள் கத்தியை மேஜையில் வைத்தார். விளிம்பில் மூன்று இடத்தில் பிறை பிறையாகச் சில்லு போயிருந்தது. கோழி வெட்டியிருக்கிறார். ஒரு சில்லு குழம்போடு போய், சாப்பிட்டவரின் ஈறைக் கிழித்துவிட்டது. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் வந்து மெஸ்ஸை மூடச் சொல்லிவிட்டார்கள்.

“பொட்டியில போட்டிருக்கறத நம்பித்தானுங்க வாங்குனேன்.”

உமேஷ் சார் கத்தியைத் தொடக்கூட இல்லை. “நீங்க வெட்டுன விதம் சரியில்லம்மா.”

நான் பக்கத்தில்தான் நின்றேன். எல்லாம் தெரிந்துகொண்டே.

3 பிப்ரவரி

அதிகாரிகளுக்குக் கொடுக்க வேண்டிய அறிக்கையை உமேஷ் சாரே டைப் செய்து கொண்டுவந்தார். ‘எஃகில் குறையில்லை. பயன்படுத்தியவரின் தவறு.’

“எஃகுல குறை இல்லதானே, ஆண்டாள்? அப்புறம் ஏன் யோசிக்கற? சைன் மாடம்மா, போடு கையெழுத்த.”

முதல் வரி உண்மை. அதுதான் அசிங்கம். அந்த ஒரு வரியைச் சாக்காக வைத்துப் போட்டுவிட்டேன்.

5 பிப்ரவரி

சோறு இறங்கவில்லை. அந்த ஆள் மேல் வந்த அருவருப்பா இது? இல்லை — என் மேல்தான். சீ.

18 பிப்ரவரி, ஞாயிறு

மெஸ்ஸுக்குப் போனேன். பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. நாச்சம்மாள் உட்காரச் சொல்லவில்லை.

“அந்தத் தாள்ல இருந்தது உன்ர கையெழுத்தா?”

“ஆமாங்க. அது பொய்ங்க. என்னை மன்னிச்சு —”

“மன்னிப்ப வெச்சு நான் என்ன பண்ணட்டும்? நெசத்த எழுதிக் குடு.”

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். கடினம் எவ்வளவு, விளிம்பு எவ்வளவு மெல்லியது, எலும்புக்கு ஆகாது என்று நான் முன்பே முதலாளியிடம் சொன்னது, பிறகு பொய்யாகக் கையெழுத்திட்டது. அவர் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்க வேண்டும்?

21 பிப்ரவரி

வேலை போயிற்று.

9 மார்ச்

கடையில் எங்கள் — அவர்கள் — கத்தியைப் பார்த்தேன். எலும்பு பற்றிய வரி மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. உள்ளே அதே கத்தி. கடைக்காரர் காகிதத்தை வெட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். தூ.

14 மார்ச், வியாழன்

என் கடிதத்தை அதிகாரிகள் ஏற்றுக்கொண்டார்களாம். மெஸ் இன்று திறந்தது. மதியம் போனேன். முன்பு வந்தவர்களில் பாதிப் பேர்கூட இல்லை என்றார் பக்கத்து மேஜைக்காரர்.

நாச்சம்மாளே வந்து பரிமாறினார். கோழிக் குழம்பு. ஒரு வாய் போட்டேன், விழுங்கவில்லை. என்னை அறியாமலே நாக்கு ஒவ்வொரு துண்டாகத் தடவிச் சில்லைத் தேடியது. நிமிர்ந்தால், அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். கூசிப்போனேன்.

“மெதுவாத் தின்னு,” என்றார். “நானும் இப்பொ அப்படித்தான் தின்னுட்டிருக்கேன்.”