வடக்கை விட்டு வந்த காரணம்

நவம்பர் 3, திங்.

காலை முழுக்கப் பனியும் மழையும் கலந்து. கீழே ஒஸ்லோ நகரத்தில் வெறும் மழைதானாம். குரோருட் மேட்டில் இருப்பதால் அதே மழை இங்கே பனியாக விழுகிறது. இருபது நிமிட ரயில், இரண்டு காலநிலை. வழுக்காமல் இருக்க ஐந்து வாசலுக்கும் கல்துகள் தூவினேன். மூன்றாம் வாசல் கிழவி, நேற்றே தூவியிருக்க வேண்டும் என்றாள். நேற்று ஞாயிறு. கட்டடம் பார்ப்பவனுக்கு ஞாயிறு கிடையாது என்று நினைப்பு.

செய்ய: கல்துகள் வாளிகள் நிரப்ப. பனி தள்ளும் இயந்திரத்துக்கு எண்ணெய். பல் டொக்டர்.

இரவுச் சாப்பாட்டில் என் மனுசி வதனி சொன்னாள், மகள் ஆரணிக்குப் பிள்ளைப்பேற்று லீவு முடிகிறதாம். மருமகன் கப்பலில். மூன்று கிழமை கடல், மூன்று கிழமை வீடு. பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை.

"நான் போய் நிக்கப் போறன்."

"எப்ப?"

"அடுத்த கிழமை. ரிக்கெற் போட்டாச்சு. ஓகஸ்டிலை திரும்பி வருவன்."

ஆரணி படிப்பிப்பது நாங்கள் விட்டு வந்த அதே ஊரில். நோர்வேயின் வடக்கு நுனி. இந்த மாதக் கடைசியில் சூரியன் போனால் ஜனவரிக்குத்தான் திரும்பி வரும். அந்த இருட்டு தாங்காமல்தான் இவள் படுத்த படுக்கையானாள். "இருட்டுக் காலத்திலையோ? உமக்கோ?" என்று கேட்டேன். சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

நவ. 4, செவ்.

மைனஸ் மூன்று. தெளிவான வானம். முழங்கால் வலி.

வேலையில் மனம் இல்லை. பழையதே ஓடுகிறது. அகதியாக வந்த எனக்கு வேலை கிடைத்தது வடக்கில், மீன் தொழிற்சாலையில். பிறந்த மண்ணில் நாங்கள் விட்டு வந்ததும் வடக்கு, வந்து சேர்ந்ததும் வடக்கு என்று அப்போது சிரித்தோம். பத்து வருடத்தில் ஒரு பகுதிக்கு மேற்பார்வையாளன். என் கையின் கீழ் பதினெட்டுப் பேர், அதில் பன்னிரண்டு நோர்வேக்காரர். கடலைப் பார்த்த சொந்த வீடு. ஆரணிக்குப் பதினொரு வயதாகும்போது எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒஸ்லோ. இங்கே வந்து மற்றவன் வாசலில் பனி தள்ளத் தொடங்கினேன். இருபது வருடம். இன்னும் தள்ளுகிறேன்.

யார் கேட்டாலும் சொல்வேன்: மனுசிக்கு அங்கத்தைய இருட்டு ஒத்துவரவில்லை, அதுதான் வந்தனான். கலியாண வீட்டில், கோயிலில், எல்லா இடத்திலும். சனம் தலையாட்டும். நல்ல மனுசன் என்று.

இப்போது அவளே அந்த இருட்டுக்குப் போகிறாளாம்.

நவ. 6, வியா.

நிலவறையில் அந்த வெளிச்ச விளக்கைத் தேடி எடுத்தேன். வடக்கில் இருந்தபோது அவளது சோர்வுக்கு டொக்டர் சொல்லி வாங்கியது. காலையில் அரை மணித்தியாலம் முன்னால் இருக்க வேண்டும். துடைத்து, எரிகிறதா என்று பார்த்து, அவளது பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"அது வேண்டாம்" என்றாள். "பாரம்."

பெட்டியில்: ஏழு கம்பளிச் சட்டை. மிளகாய்த்தூள் மூன்று பை. புட்டுக்குழல். பேரனுக்குத் தொப்பி. அவளது சான்றிதழ்கள், பிளாஸ்டிக் உறையில். பிள்ளை பார்க்கப் போகிறவளுக்குச் சான்றிதழ் எதற்கு. கேட்கவில்லை.

இரண்டாம் மாடிச் சென்னைத் தம்பி மின்தூக்கியில் பிடித்துக்கொண்டான். கம்ப்யூட்டர் வேலை. "பெர்கன்ல நல்ல ஆஃபர் வந்துச்சு அங்கிள். அங்க எப்பப் பாத்தாலும் மழையாமே, ஒய்ஃப் ஒரே வார்த்தைல முடியாதுன்னுட்டா. இங்க குளிர்னாலும் வெயில் அடிக்குதுல்ல."

மனுசி சொன்னதைக் கேட்டு நடக்கிற இன்னொருவன். வாழ்த்துச் சொன்னேன்.

நவ. 8, சனி

மழை. பனியெல்லாம் கரைந்து சேறு.

ட்வெய்ட்டாவில் சிவம் வீடு. வடக்கில் எங்களோடு ஒரே தொழிற்சாலையில் நின்றவன், எங்களுக்குப் பிறகு ஒஸ்லோ வந்தவன். ஓய்வெடுத்ததும் குளிர்காலம் பிறந்த ஊரில், கோடை இங்கே என்று திட்டம். பங்குனி வெயிலுக்கு முன் திரும்பிவிட வேண்டுமாம். எல்லோரும் வெப்பமானியைப் பார்த்துத்தான் வாழ்க்கையைப் பிரிக்கிறார்கள்.

வதனி போகிற கதையைச் சொன்னேன். அந்த இருட்டில் திரும்ப விழுந்தாள் என்றால் யார் பார்ப்பது என்றேன். சிவம் தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்:

"அண்ணை, நீங்கள் பயிற்சிக்கு எண்டு துறொம்சோ போன இரண்டு கிழமை அக்கா பிள்ளையோடை எங்கட வீட்டிலைதானே நிண்டவ. ஞாபகம் இருக்கோ?"

"ஓம்."

"அது டிசம்பர் மாசம். அக்கா விடியவே எழும்பித் தோசை சுடுவா. காட்ஸ் விளையாடுவா. எங்கட மனுசியோடை சிரிச்ச சிரிப்பு இப்பவும் காதுக்கை கேக்குது. எங்கட வீட்டிலையும் அதே இருட்டுத்தானே அண்ணை."

அவனது மனைவி குசினியிலிருந்து அவனைக் கூப்பிட்டாள். கூப்பிட்ட விதம், பேசாமல் இரு என்பதுபோல்.

சாப்பிடாமலே எழும்பி வந்தேன்.

நவ. 9, ஞாயி.

கேட்டுவிட்டேன். இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"உமக்கு அங்கை என்ன வருத்தம்? உண்மையைச் சொல்லும்."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். நெடுநேரம் யோசித்ததாகத் தெரியவில்லை. எப்போதோ யோசித்து வைத்த பதில்.

"இருட்டு எனக்குப் பிரச்சினை இல்லை. உங்களோடை அந்த வீட்டுக்கை தனிய இருந்ததுதான்."

"நான் அடிச்சனானோ? ஒரு நாளாவது கை வைச்சனானோ?"

"இல்லை. கதைச்சதும் இல்லை. பிழை பிடிக்க மட்டும் வாய் திறப்பீங்கள். மொழி வகுப்புக்குப் போறன் எண்டன். பாதை வழுக்கும், வேண்டாம் எண்டீங்கள். சிவம் வீட்டை போறன் எண்டால் காத்து அடிக்குது எண்டீங்கள். காரைத் திறக்கிற திறப்பு எப்பவும் உங்கட பையிலை. ஒன்பது வருசம் யன்னலாலை கடலைப் பாத்தன்."

"அப்ப டொக்டரிட்டை ஏன் இருட்டு எண்டு சொன்னனீர்?"

"வேறை என்னத்தைச் சொல்ல? அப்ப எனக்கு மொழி தெரியாது. என்ர பக்கத்திலை இருந்து மொழிபெயர்த்தது நீங்கள்தானே. உங்களைப் பற்றி உங்களிட்டைச் சொல்லி, அதை நீங்கள் டொக்டருக்குச் சொல்லோணுமோ? டொக்டர்தான் முதல் கேட்டவர், இருட்டுக் கஷ்டமா எண்டு. நான் ஓம் எண்டன். நீங்கள் அதை வடிவா மொழிபெயர்த்தீங்கள்."

பிறகு: "ஒஸ்லோ எண்டால் சனம் இருக்கும், பஸ் இருக்கும், உங்களைக் கேக்காமல் வெளியிலை போகலாம். அதுக்குத்தான் வந்தனான். வெயிலுக்கு இல்லை."

சட்டையை மடித்து வைத்தாள். என்னுடைய சட்டை.

நவ. 10, திங்.

மைனஸ் ஆறு. ஐந்து வாசலும் வழுக்கல். எதிலும் பிடிப்பில்லை.

என் பக்கமும் இருக்கிறது. எழுதி வைக்கிறேன். பாதை உண்மையில் வழுக்கியது. என்னோடு வேலை செய்த ஒருவன் காரோடு கடலோரப் பாறையில் போய் மோதி ஆறு மாதம் படுத்தான். நான் கண்ணால் பார்த்தேன். ஐஸ் என்றால் என்ன என்று தெரியாத பெண், மடியில் சிறு பிள்ளை. பயந்தேன். பயம் குற்றமா.

பதினெட்டுப் பேரை மேய்த்துவிட்டு வருகிறவனுக்கு வீட்டில் என்ன கதை இருக்கும். எல்லா ஆண்களும் அப்படித்தான் இருந்தார்கள்.

சிவம் அப்படி இல்லை.

யூலையில் அங்கே பனி இல்லை. இரவும் பகலும் வெயில். யூலையிலும் கார் திறப்பு என் பையில்தான் இருந்தது.

நவ. 12, புத.

விமான நிலையம். ரயிலில் எதிரெதிரே இருந்தோம். பயணப்பொதியில் ஏதோ சிக்கல், நான் எழும்புமுன் அவளே போய் அங்கிருந்த பெண்ணோடு கதைத்து முடித்தாள். சிரித்துச் சிரித்து, அந்த ஊர்க்காரி போலவே நொஷ்க் மொழியில். ஒஸ்லோவில் படித்தது. பிள்ளைகள் காப்பகச் சமையலறையில் பதினைந்து வருடம் கதைத்துக் கதைத்துத் தேய்ந்த மொழி. அவள் அப்படிக் கதைப்பதை நான் நின்று பார்த்ததில்லை.

"மீன்குழம்பு மூண்டு டப்பா ஃப்றீசருக்கை. பழையதை முதல் எடுங்கோ."

"ஓம். ஓகஸ்டிலை வந்திடுவீர்தானே?"

கைப்பையை மூடினாள். "ஓகஸ்ட் எண்டு சொன்னது நீங்கள் சத்தம் போடக்கூடாது எண்டு. அங்கத்தையப் பள்ளிக்கூடச் சமையலறையிலை வேலை கிடைச்சிருக்கு. தையிலை தொடங்குது. நான் அங்கைதான் இருக்கப் போறன்."

சான்றிதழ்கள் அதற்குத்தான்.

சத்தம் போடவில்லை. ஆட்கள் நின்றார்கள். ஆட்கள் இல்லாவிட்டால் போட்டிருப்பேன். இதையும் எழுதி வைக்கிறேன்.

பாதுகாப்பு வாசலுக்கு அப்பால் அவள் திரும்பிப் பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன். முன்னால் ஒரு உயரமானவன் மறைத்தான்.

நவ. 19, புத.

பனி, பதினைந்து சென்ரிமீற்றர். காலை நாலரையிலிருந்து இயந்திரம். கிழவி ஜன்னலால் கை காட்டினாள். நன்றியா, முறைப்பாடா தெரியாது.

கோயிலில் ஒருவர் கேட்டார், அக்கா எங்கே. மகளோடை நிக்கிறா என்றேன். "அந்த இருட்டுக்கையோ? பாவம்" என்றார். ஓம், பாவம் என்றேன்.

பழைய குழம்பு முடிந்தது.

நவ. 26, புத.

பகல் பன்னிரண்டுக்கு ஆரணி வீடியோவில். அவளுக்குப் பின்னால் யன்னலில் நீலக் கருமை, தெரு விளக்குகள். பேரன் கரண்டியால் மேசையில் தட்டுகிறான். பின்னால் யாரோ பாடுகிறார்கள், பழைய பாட்டு. வதனி பாடுவாள் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

நத்தாருக்கு வரட்டோ என்று கேட்டேன். டிசம்பர் இருபத்திரண்டாம் திகதி விமானத்தில் இடம் இருக்கிறது, பார்த்துவிட்டேன்.

"பொறுங்கோ அப்பா." போனை மேசையில் மல்லாக்க வைத்தாள். கூரைதான் தெரிந்தது. பாட்டு நின்றது. அவர்கள் கதைத்தது கேட்கவில்லை. அதிக நேரம் எடுக்கவும் இல்லை.

திரும்ப வந்தாள். "அப்பா, அம்மா வேண்டாமாம். நான் சுத்தி வளைச்சுச் சொல்ல விரும்பேல்லை."

"ஏனாம்?"

"ஒண்டும் சொல்லேல்லை. வேண்டாம் எண்டு மட்டும்தான்."

எனக்கே ஏன் அப்படிக் கேட்க வந்தது என்று தெரியவில்லை. "அங்கை பாதை எல்லாம் மோசமோ? புயல் கியல் வருதோ?" என்றேன்.

ஆரணி என்னைப் பார்த்தாள்.

"இல்லை அப்பா. இஞ்சை வெதர் நல்லாத்தான் இருக்கு."