அத்தைக்குப் பிடித்தால் தப்பு

மார்ச் 3, செவ்வாய்

பேத்தியைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். இரவு டியூட்டி முடிந்து வந்த மருமகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டாள். முகம் சுண்டிப்போயிருந்தது.

இந்த வெள்ளைக்கார ஊர் ஆஸ்பத்திரியில் இதய வார்டு நர்ஸ் அவள். நோயாளியின் நிலைமையை டாக்டருக்குப் போனில் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். "ஒரு வார்த்தைகூடத் தப்பில்ல, அத்தை. ஆனா எதைக் கவனிக்கணும்னே புரியலையாம். சண்டைக்கு வர்ற மாதிரி வேற இருக்காம்."

மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் வார்டிலிருந்து எடுத்து, மருந்து அடுக்கும் அறையில் போட்டுவிடுவார்களாம்.

சண்டைக்காரியா? இவளா?

மார்ச் 5

ஆஸ்பத்திரியில் இங்கிலீஷ் பேசப் பயிற்சி கொடுப்பவர் சொன்ன விஷயம் இதுதானாம். நம் வாயில் எல்லா வார்த்தையும் ஒரே உயரத்தில் வரிசையாக நிற்கும். இந்த ஊர்க்காரர்கள் முக்கியமான ஒன்றை மட்டும் அழுத்தித் தூக்கிப் பிடித்து, மிச்சத்தை விழுங்கிவிடுவார்கள். தூக்கியதைப் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் காது போகும்.

"அவங்க முழுங்குறாங்கன்னு நமக்குத் தோணுது. நாம சுத்தியலால அடிக்கிறோம்னு அவங்களுக்குத் தோணுது" என்றாள் மருமகள்.

முழுங்குவதுதான் அழகா? நல்ல கூத்து.

மார்ச் 8, ஞாயிறு

ஒரே சேதியை இரண்டு விதமாகப் பேசி, போனில் பதிந்து, எது நல்லா இருக்கு என்றாள். எனக்கு எங்கே இங்கிலீஷ் தெரியும்? "அதான் வேணும். அர்த்தம் தெரிஞ்சா காது ஏமாத்திடும்."

முதலாவது மணிமணியாக. அடுத்தது, வாயில் எதையோ அடக்கிக்கொண்டு. நான் ஐந்தாவதுதான் படித்தவள். ஆனாலும் தைரியமாக முதலாவதுக்கு நூற்றுக்கு நூறு போட்டேன்.

மார்ச் 10

பயிற்சி கொடுப்பவர் நான் நூறு போட்டதற்குப் பூஜ்யம் போட்டாராம். நான் தள்ளியதற்கு 'பரவாயில்லை'.

மகன் விழுந்து விழுந்து சிரித்தான். "அம்மாவுக்குப் பிடிச்சா தப்பு, அவ்வளவுதான்!"

அவள் சிரிக்கவில்லை. "நிஜமாவே அத்தை, தினம் கேட்டுச் சொல்றீங்களா?"

'நல்லா இல்லை'ன்னு தினம் சொல்லும்படி மருமகளே கெஞ்சுகிறாள். எந்த மாமியாருக்குக் கிடைக்கும் இந்த வேலை!

மார்ச் 14

இன்றும் பிடித்திருந்தது. பாவம்.

மார்ச் 19

"போதும் அத்தை! என் வாயே எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருக்கு." கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் என்ன செய்யட்டும் — பிடிச்சிருக்குன்னு சொன்னா அழுவா. பிடிக்கலன்னு பொய் சொன்னா வார்டுல மாட்டிக்குவா. அடுப்பில் காபிக்குப் பால் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவளே வந்தாள். "சரி, இன்னொரு தடவை கேளுங்க."

அவள் அப்படித்தான். விடமாட்டாள்.

மார்ச் 25

சகிக்கவில்லை! பாதி காற்று, பாதி பேச்சு. நடுவில் ஒரு வார்த்தை மட்டும் பளீரென்று. "கொஞ்சம்கூட நல்லா இல்லடி!" என்றேன். என்னைக் கட்டிக்கொண்டாள்.

மார்ச் 31, செவ்வாய்

சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போயிருந்தாள். கொடுக்கப் போன என்னை வார்டு வாசலில் உட்காரவைத்தார்கள். உள்ளே ஒரு பெரியவர் கட்டிலருகே மிஷின் அலறியது. அவள் போனை எடுத்துப் பேசினாள். எல்லாம் மங்கலாக ஓட, ஒரே ஒரு வார்த்தை எழும்பியது. ஒரு மூச்சுதான். போனை வைத்துவிட்டாள். யாரும் திருப்பிக் கேட்கவில்லை. டாக்டர் ஓடிவந்தார்.

எல்லாம் அடங்கின பிறகு வெளியே வந்தாள். "பெரியவர் பொழைச்சிட்டார். வார்டுலயே இருக்கச் சொல்லிட்டாங்க, அத்தை." டப்பாவை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

பக்கத்து நாற்காலி அம்மாவுக்கு நம் பேச்சு தெரியாது. உள்ளே ஓடியவளைக் காட்டி, யார் என்று கையால் கேட்டாள்.

"என் மருமகள்" என்றேன். இரண்டு வார்த்தையையும் ஒன்றுபோல அழுத்தித்தான் சொன்னேன். எதை விழுங்குவது?