கருணாகரன் வீட்டு நீலப்பூ

3 மார்ச் 1957, ஞாயிறு
இன்றும் காலைக் கோப்பியோடு என் மனைவி பாக்கியலட்சுமி வேலியோரம் போய் நின்றுவிட்டாள். பக்கத்து வீட்டுக் கருணாகரன் வாத்தியார் முற்றத்தில் செம்பாறைக் கற்களை அடுக்கி, நடுவில் ஹைட்ரேஞ்சியா வளர்க்கிறார். கேமரன் மலையிலிருந்து மலாக்காவுக்கு வந்த செடி. கொத்துக் கொத்தாக நீலம். “என்னா கலரு பாத்தீங்களா” என்கிறாள். பார்த்தேன். தலையில் வைக்க முடியாது, வாசனையும் கிடையாது. இதெல்லாம் ஒரு பூவா?

10 மார்ச்
வாத்தியார் தன் செடியில் வெட்டிக் கொடுத்த குச்சிதான் என்னிடமும் இருக்கிறது. கிளேபாங் வரை சைக்கிள் மிதித்துக் கல் கொண்டுவந்து, அவருடையதைவிட ஒரு வரிசை உயரமாகவே அடுக்கினேன். ஒன்றரை வருடமாக இலைதான் தழைக்கிறது. அவருக்கென்ன, கல்யாணமாகாதவர், செடியோடு பேசிக்கொண்டிருக்கலாம். எனக்கு ஆபீஸ் இருக்கிறதே.

17 மார்ச்
வாத்தியார் ஒரு கொத்து நறுக்கித் தந்தாராம். பாக்கியலட்சுமி அதை என் மேசைமேலேயே வைத்திருக்கிறாள். கல்யாணமான பத்தொன்பது வருடத்தில் நான் செய்த எதையாவது இப்படி நின்று பார்த்திருக்கிறாளா? பொறாமைதான். யார் படிக்கப் போகிறார்கள், எழுதினால் என்ன.

20 ஏப்ரல்
பள்ளி விடுமுறை. வாத்தியார் குருபோங்கில் அக்காள் வீட்டுக்குப் போகிறார். “ஒரு வாரம் செடிக்குத் தண்ணி ஊத்துங்கண்ணே. ஒங்கள நம்பித்தான் போறேன்” என்றார்.

23 ஏப்ரல்
ஊற்றினேன். வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு டப்பி முழுவதையும் கரைத்து. வேர் வெந்து போகட்டும்.

24 ஏப்ரல்
இன்னொரு டப்பி.

12 மே
அவர் செடியில் இலை மஞ்சளாகிறது. “வெயிலு ஜாஸ்தி போல” என்று நிழலுக்குச் சாக்கு கட்டுகிறார். சாக்கின் மறுமுனையை நானே பிடித்துக்கொடுத்தேன். என்ன மனுசன்டா நீ?

18 ஆகஸ்ட்
செத்துத் தொலையவில்லை. பூத்திருக்கிறது — அதுவும் ரோஸ் நிறத்தில். “ஒங்க கை ராசிண்ணே. மலாக்காவுலயே யாருகிட்டயும் இந்தக் கலரு இல்ல” என்று வாத்தியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். தெருவே வந்து பார்க்கிறது. பாக்கியலட்சுமி பூவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஊற்றிய சுண்ணாம்புதான் நீலத்தை இப்படி மாற்றியதா?

31 ஆகஸ்ட்
மெர்டேக்கா, சுதந்திர நாள். ஊரெல்லாம் கொடி. பள்ளிக்கூட அலங்கார வளைவில் அந்த ரோஸ் கொத்துகள். அவருக்குத்தான் பேர். சுண்ணாம்பு என்னுடையது.

15 செப்டம்பர்
என் செடியில் முதல் மொட்டு! திண்ணையிலிருந்து பார்த்துவிட்டு ஓடினால், பாக்கியலட்சுமி எனக்கு முன்பே கல்லோரம் குந்தியிருக்கிறாள். கையில் என் சுண்ணாம்பு டப்பி.
“ஏப்ரல்ல ரெண்டு டப்பி காலியாச்சு. நம்ம செடிக்கு எத்தன போடணும்?”
அவள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, எனக்கு இடம் விட்டாள்.