மாற்றிச் சொல்லப் போகிறேன்

என்னங்க,

எழுப்பினால் மறுபடியும் சண்டை வரும் என்று எழுதி வைத்துவிட்டுப் போகிறேன். சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. பாப்பாவுக்கு இருமல் மருந்து மதியம் ஒரு மூடி கொடுங்கள்.

இன்றைக்குத் தைக்கப் போகவில்லை, கம்பெனி விசாரணைக் கமிட்டியிடம் போகிறேன். உங்கள் அண்ணன் என்னோடு தைக்கும் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தபோது நான் பக்கத்து மிஷினில்தான் இருந்தேன். நீங்கள் கெஞ்சியதால்தான் போன மாதம் எதையும் பார்க்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய்ப் புகார் என்று அவளை வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள்.

நேற்று அவளைப் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். "பரவால்லக்கா, உங்களுக்கும் குடும்பம் இருக்குல்ல" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"எங்கண்ணனக் காட்டிக் குடுத்துட்டு இந்த வீட்டுப் படி ஏறாத" என்று சொன்னீர்கள். வேலை போகும் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் பார்த்ததைச் சொல்லிவிட்டு ஆறு மணிக்கு வருவேன்.

பி.கு: அண்ணன் போன் செய்தால் நான் எங்கே போனேன் என்பதை மறைக்க வேண்டாம்.

இன்னொன்று. கட்டிலுக்கு அடியில் இருக்கும் பையில் என் துணியும் பாப்பா துணியும் இருக்கின்றன. அதைப் பிரித்து அலமாரியில் அடுக்குவதா வேண்டாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.