அரைக்கட்டை இறங்கிய கிட்டார்

ஷார்ஜா

அன்புள்ள கேத்தரின்,

மாதா துணையால் நான் சுகம். உன் தொண்டைக்கட்டு தேவலையா?

நேற்று கடையில் ஒரு கூத்து. வாங்க வந்தவர் இரண்டு கிட்டார்களை மீட்டிப் பார்த்து, விலை கூடியதுதான் மந்தமாக ஒலிக்கிறதென்று மலிவானதை எடுத்துப் போய்விட்டார். விலை கூடியதற்குச் சுருதி சேர்த்தவன் நான். கொடைக்கானல் குளிரில், காலைப் பூசைக்கு உன் குரல் எட்டட்டும் என்று சுருதியை அரைக்கட்டை இறக்கியே பழகிய கை, இங்கேயும் இறக்கிவிட்டது.

“ஏலே, இங்க யாரு பாடப்போறாங்கன்னு எறக்கி வச்சே?” என்றார் திண்டுக்கல்கார முதலாளி. கோபமில்லை, சிரித்தார். பயப்படாதே.

இந்த ஏசிக் குளிருக்கு நம்மூர்த் தைலம் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பு. கடை திறக்க நேரமாகிவிட்டது. ஞாயிறு பூசையில் நீ பாடுவதைப் போனில் பதிந்து அனுப்பு. கூட வாசிக்க, ஒரு கிட்டாரை உன் சுருதியிலேயே விட்டிருக்கிறேன்.

உன்
பவுல்ராஜ்