மாற்று வேட்பாளர்

அன்புள்ள சுபாவுக்கு,

முதலில் ‘மதிப்பிற்குரிய சட்டமன்ற உறுப்பினர் அவர்களுக்கு’ என்றுதான் ஆரம்பித்தேன். கை போகவில்லை, கிழித்துப் போட்டுவிட்டேன். நாங்கள் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க வேண்டியதில்லை. போன வாரம் சபையில் நீ பேசியதைப் பார்த்தேன், கன்னம் உப்பியிருக்கிறது. நேரத்துக்குச் சாப்பாடு போடுகிறார்கள் போல.

போன் செய்தால் உன் உதவியாளர் சடையப்பன் எடுக்கிறார். வாட்ஸ்அப்பில் போட்டால் மூன்று பேர் படித்த பிறகுதான் உனக்கு வருகிறது. அதனால்தான் உறையை ஒட்டி எம்எல்ஏ விடுதி முகவரிக்கு அனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படி.

பாப்பாவுக்கு இரண்டரை வயது ஆகிறது. இன்னும் பேச்சு வரவில்லை. வேலூரில் காட்டினோம். காது நன்றாகக் கேட்கிறது, நீங்கள் பேசிக்கொண்டே இருங்கள், வரும் என்றார் டாக்டர். வீட்டுக்காரர் கிரண் செய்யாருக்குக் கம்பெனி பஸ் ஏறிவிட்டால் அப்புறம் நானும் அவளும்தான். தண்ணீர் குடிக்கும்போது தண்ணீர் என்கிறேன், காக்கா வந்தால் காக்கா என்கிறேன். பக்கத்து வீட்டில் இவளைவிடச் சின்னது ஒன்று சினிமாப் பாட்டே பாடுகிறது. எனக்குத் தூக்கம் போய் மாதக்கணக்காகிறது.

போன செவ்வாய்க்கிழமை உன் தொகுதி நிதியில் கட்டிய நிழற்குடையில் நின்றிருந்தோம். எதிரே உன் பெரிய பேனர். பாப்பா விரலை நீட்டி, “சுபா” என்றாள். மழலைகூட இல்லை, அத்தனை தெளிவாக. நின்றிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டில் சொன்னதும் என் மாமியார் தெருவுக்கே சர்க்கரை கொடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “எம்எல்ஏ பேர சொல்லிகினு கீது கொழந்த, உனக்கு இன்னா கசக்குது?” என்றார். அம்மா சொல்லு, அம்மா சொல்லு என்று இரண்டரை வருஷமாகக் கெஞ்சியது நான். எனக்குக் கசக்காமல் யாருக்குக் கசக்கும்?

அந்தப் பேனரில் நீ கட்டியிருப்பது என்னுடைய அரக்குப் பட்டு. பதவியேற்பதற்கென்று வாங்கிப் போனாய். கேட்டால் அற்பமாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. நீயாகவும் தரவில்லை. குழந்தை புடவையைத்தான் அடையாளம் கண்டது என்று ஒரு நாள் முழுக்க என்னையே ஏமாற்றிக்கொண்டேன். ஆனால் என் வாயிலிருந்து அவள் அதிகம் கேட்ட பேர் உன்னுடையதுதான்.

நேற்று சடையப்பன் வந்திருந்தார். கட்சி மறுபடி உன்னைத்தான் நிறுத்தப்போகிறதாம். வெள்ளிக்கிழமை வந்து நான் மாற்று வேட்பாளராகக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அப்படியென்றால் என்ன என்று மாமியார் கேட்டார். “அம்மா மனு நின்னா அக்கா மனு போயிடுங்க. அம்மாது தள்ளுபடி ஆனாத்தான் அக்காது நிக்கும்” என்று விளக்கினார் அவர். அவருக்கு நீ அம்மா, நான் அக்கா. “வண்டிக்கு ஸ்டெப்னி மாதிரின்னு சொல்லு” என்றார் மாமியார். சடையப்பன் சிரித்தபடியே, போன தடவை போல உன் படிவத்தையும் நானே எழுத வேண்டும், என் கையெழுத்து ராசி என்று நீ மேடைக்கு மேடை சொல்வதாகச் சொன்னார். அது தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

கல்லூரியில் கட்சிக்காரர்கள் முதலில் கேட்டது என்னைத்தான். ஞாபகம் இருக்கிறதா? அப்பா, நெசவுக்காரன் பெண்ணுக்கு அரசியல் எதற்கு என்றுவிட்டார். தேவிகாபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வரும் நீ, “அப்போ நான் போவட்டா?” என்று என்னிடம் அனுமதி கேட்டாய். நான் எழுதிக் கொடுத்ததை நீ பேசினாய். இருபத்திரண்டு வயதில் ஒன்றியக் கவுன்சிலர், இருபத்தேழில் எம்எல்ஏ. மாற்று வேட்பாளர் என்றபோது மட்டும் அப்பா தலையாட்டினார். எப்படியும் நிற்கப்போவதில்லை, ஒரு கையெழுத்துதானே என்றார்.

போன தடவை மனுவோடு வைத்த உன் பிரமாணப் பத்திரத்தில் ஐந்தாம் பக்கம், கணவர் பெயரில் உள்ள சொத்து என்ற கட்டம். இரண்டு பேருக்குமே அப்போது கல்யாணம் ஆகவில்லை. என் தாளில் அதில் ‘பொருந்தாது’ என்று எழுதினேன். உன் தாளில் எழுதவில்லை. மறந்தேனா, விட்டேனா என்று இத்தனை வருஷம் யோசித்தும் எனக்கே தெரியவில்லை. ஆனால் திருப்பிப் பார்த்தபோது அந்தக் காலிக் கட்டத்தைக் கண்டேன். கண்டுவிட்டு மூடி வைத்தேன். அது நன்றாகத் தெரியும்.

தேர்தல் அலுவலகத்தில் கண்டுபிடித்து, மறுநாள் பரிசீலனை தொடங்குவதற்குள் புதிய பத்திரம் தராவிட்டால் தள்ளுபடி என்றார்கள். காலையில் நோட்டரி கடையில் உட்கார்ந்து நான்தான் மறுபடி முழுவதையும் எழுதினேன். பக்கத்தில் நீ நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாய். “ஜல்தியா எழுதுடீ” என்றாய். என் கை எவ்வளவு மெதுவாகப் போனது என்று உனக்குத் தெரியாது. அந்த ஒரு மணி நேரம் என் மனசுக்குள் நான்தான் வேட்பாளர். எனக்கு மாலை போட்டார்கள், கோட்டை மைதானத்தில் பேசினேன், அப்பா முதல் வரிசையில் இருந்தார். பத்தே முக்காலுக்குப் பத்திரத்தைக் கொடுத்தோம். உன் மனு ஏற்கப்பட்டது, என்னுடையது தள்ளுபடி. நீ என்னைக் கட்டிக்கொண்டு, “நீ இல்லன்னா நான் இன்னா பண்ணியிருப்பேன்” என்று அழுதாய். நானும் அழுதேன். நீ சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்தாய்.

முள்ளிப்பட்டுக்கு மினி பஸ் விட்டாய். அரசு ஆஸ்பத்திரிக்குக் குழந்தை டாக்டரை வாங்கி வந்தாய். நானாக இருந்தால் இதையெல்லாம் செய்திருப்பேனா என்று தெரியாது. செய்திருப்பேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

உன் அம்மாவைச் சந்தையில் பார்த்தேன். பிரஷர் மாத்திரை ஒழுங்காகப் போடுவதில்லை. நீ சொன்னால்தான் கேட்பார்.

சுபா, இந்த முறை வேறு ஆளைப் பார். உன் மனு தள்ளுபடி ஆகக் கூடாது என்று முழு மனசோடு வேண்டிக்கொள்கிற ஒருத்தி உனக்குப் பக்கத்தில் இருக்கட்டும். நீ ஜெயிக்க வேண்டும். பாப்பா உன் பேரைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறாள், அதை நான் ஒன்றும் செய்ய முடியாது.

வியாழக்கிழமைக்குள் யாரும் கிடைக்காவிட்டால் சடையப்பனை அனுப்பு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து கையெழுத்துப் போடுகிறேன். உன் தாளை மட்டும் என்னிடம் எழுதக் கொடுக்காதே.

என்றும் உன்,
அபிதகுசாம்பாள்