வெண்கண்டல் எந்த அலமாரியில்?

அன்புள்ள மதினிக்கு,

கோபப்படாமல் படியுங்கள். உங்கள் வெண்கண்டல் கிளையை நொச்சிக் குடும்பத்து அலமாரியிலிருந்து எடுத்துவிட்டேன். இனி அதற்கு இடம் நீர்முள்ளி அலமாரிதான்.

நீங்கள் எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்த பிறகு வரும் முதல் விடுமுறை இது. கல்லூரியில் நாம் சேர்த்து வைத்த உலர்செடித் தாள்களை எல்லாம் மாற்றி அடுக்குகிறோம். பூவைப் பார்த்துப் பிரித்த பழைய வரிசை போய், டிஎன்ஏவை ஒப்பிட்டுப் பிரித்த புது வரிசை வருகிறது. எருக்கு அரளியோடு சேர்ந்துவிட்டது. உப்பளத்து உமரி முளைக்கீரைக் குடும்பத்துக்குப் போய்விட்டது. நொச்சியே இப்போது துளசியின் குடும்பம், போங்கள்!

ஒரே துறையில் வேலை, ஒரே வீட்டில் சாப்பாடு, இருபது வருடமாக ஒரே சண்டை. சாளைக் குழம்பு ஆறிக்கொண்டிருக்கும், நீங்கள் கத்துவீர்கள். "ஏளா, பூவப் பாக்காமலே குடும்பம் சொல்லுதாங்களாம்! அப்போ நமக்குக் கண்ணு எதுக்கு?"

நான் விடுவேனா? "கண்ணு ஏமாறும் மதினி" என்பேன். அண்ணன் தட்டைத் தூக்கிக்கொண்டு டிவி பக்கம் போய்விடுவார்.

நேற்று அந்த வெண்கண்டல் தாளைக் கையில் எடுத்தேன். முத்தையாபுரத்துக்கு அப்பால் அலையாத்திக் காட்டில் முழங்கால் சேற்றில் இறங்கி நாம் ஒடித்த கிளை. மூலையில் உங்கள் கையெழுத்தில், நொச்சிக் குடும்பம் என்று பெயர்ச்சீட்டு. பதில் சொல்ல நீங்கள் இல்லாதபோது ஜெயிப்பதும் ஒரு ஜெயிப்பா?

புதிதாக வந்த துறைத்தலைவர், "பழைய சீட்டெல்லாம் கிழிச்சிருங்க மேடம், குழப்பமா இருக்கு" என்றார்.

"அது நடக்காது சார். ஒருத்தர் ஒட்டுன சீட்டை இன்னொருத்தர் கிழிக்கப்பிடாது. திருத்தணும்னா பக்கத்துல ஒட்டணும், அதான் முறை" என்றேன்.

தூசி தட்டத் தாளைத் திருப்பினேன். பின்பக்கம் பென்சிலில் உங்கள் பொடி எழுத்து. "கணு புடைத்திருக்கிறது. நொச்சி மாதிரி இல்லை. நீர்முள்ளியோ?"

அட கள்ளி மதினி! வெறும் கண்ணால் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறீர்கள். ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை? என்னிடம் தோற்கப் பிடிக்கவில்லையா, சண்டை தீர்ந்துவிடும் என்றா? அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அப்புறம் சிரிப்பும் வந்துவிட்டது.

உங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் புதுச் சீட்டை ஒட்டிவிட்டேன். திருத்தியவர் என்ற இடத்தில் உங்கள் பெயர் முதலில், என் பெயர் அடுத்து. நான் இருக்கும்வரை அந்த இரண்டு சீட்டிலும் யாரும் கை வைக்க முடியாது. இந்தத் தடவை ஜெயித்தது நீங்கள்தான்.

சண்டை போட ஆளில்லாமல் தவிக்கும்
உங்கள் நாத்தனார்